தீசிஸுக்கு வாரம் ஒரு அரை நாள்: முதுநிலை மருத்துவக் கல்வி வாரியத்துக்கு ஒரு திறந்த மடல்

தேசிய மருத்துவ ஆணையத்தின் முதுநிலை மருத்துவக் கல்வி வாரியத் தலைவருக்கும் உறுப்பினர்களுக்கும்,

வணக்கம்.

நான் தமிழ்நாட்டில் ஓர் அரசு மருத்துவக் கல்லூரியில் மைக்ரோபயாலஜி பேராசிரியர். எம்.டி. மாணவர்கள் எழுதும் தீசிஸுக்கு (ஆய்வேட்டுக்கு) கைடாக இருக்க ஆரம்பித்துப் பத்தொன்பது வருடம் ஆகிறது. ஒவ்வொரு வருடமும் புது பேட்ச் சேர்ந்த சில வாரங்களில் ஒருவர் பின் ஒருவராக என் அறை வாசலில் வந்து நிற்பார்கள். "மேடம், தீசிஸுக்கு ஒரு டாபிக் சொல்லுங்க. ஈசியா முடியறதா இருந்தா நல்லா இருக்கும்." அந்த இரண்டாவது வாக்கியம் வரும்போது குரல் இறங்கிவிடும். கேட்கிறவர்களுக்கே அது கூச்சமாக இருக்கிறது. சோம்பேறிப் பிள்ளைகள் யாரும் நீட் பி.ஜி. எழுதி இங்கே வந்து சேர்வதில்லை. நாம் அமைத்துக் கொடுத்திருக்கும் மூன்று வருடம் அவர்களை அப்படிக் கேட்க வைக்கிறது.

நான் உங்களிடம் கேட்க வந்தது முக்கியமாக ஒன்றுதான். டியூட்டி ரோஸ்டரில் தீசிஸுக்கென்று வாரத்தில் ஒரு அரை நாளை, எந்த யூனிட்டும் எந்தத் துறைத் தலைவரும் கைவைக்க முடியாதபடி, விதியாகவே எழுதிவையுங்கள். ஏன் இதை இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்பதற்குக் கொஞ்சம் பின்னால் போக வேண்டும்.

1985-இன் கடைசி. சென்னை மருத்துவக் கல்லூரியில் டாக்டர் சுனிதி சாலமன் மைக்ரோபயாலஜி பேராசிரியராக இருந்தார். எய்ட்ஸ் என்பது எங்கோ அமெரிக்காவில் இருக்கும் நோய், நம் ஊருக்கு வராது என்று எல்லோரும் சொல்லிக்கொண்டிருந்த காலம். வந்திருக்கிறதா என்று பார்த்துவிடலாமே என்று தன் முதுநிலை மாணவி செல்லப்பன் நிர்மலாவிடம் சொன்னார். அதுதான் நிர்மலாவின் தீசிஸ் தலைப்பு. பாலியல் தொழிலில் இருந்த பெண்களைத் தேடிப் போய், காப்பகத்தில் வைக்கப்பட்டிருந்தவர்களிடம் பேசி, கையுறைகூட இல்லாமல் ரத்த மாதிரி எடுத்தார். கணவர் ஸ்கூட்டரில் கொண்டுபோய் விடுவார். ரத்தத்திலிருந்து பிரித்த சீரத்தை வைக்க வேறு இடம் இல்லாததால் வீட்டு ஃபிரிட்ஜில் வைத்தார்கள். தொற்றை ரத்தத்தில் கண்டுபிடிக்கும் எலைசா பரிசோதனை வசதி அன்று சென்னையில் இல்லை. 1986 பிப்ரவரியில் மாதிரிகளை ஐஸ் பெட்டியில் அடுக்கி, கணவனும் மனைவியுமாக ராத்திரி ரயிலேறி காட்பாடியில் இறங்கி, வேலூர் சி.எம்.சி.யில் டாக்டர் ஜேக்கப் ஜானின் ஆய்வகத்துக்குப் போனார்கள். மதியம் கரண்ட் போய்விட, டீ குடிக்கப் போய்த் திரும்பினார்கள். தட்டைத் திறந்தால் ஆறு குழிகள் மஞ்சளாகியிருந்தன, தொற்று இருப்பதற்கு அதுதான் அடையாளம்.

இந்தியாவுக்குள் எச்.ஐ.வி. வந்துவிட்டது என்று நமக்குத் தெரிந்தது அப்படித்தான். அமெரிக்காவுக்கு அனுப்பி உறுதி செய்த பிறகு, அந்த வருடம் மே மாதம் சுகாதார அமைச்சர் எச்.வி. ஹண்டே சட்டமன்றத்தில் அறிவித்தார். ரத்த வங்கிகளில் பரிசோதனை, கண்காணிப்பு மையங்கள் என்று பின்னால் வந்த எல்லாவற்றுக்கும் முன்னால் நிற்பது ஒரு பி.ஜி. மாணவியின் தீசிஸ். 1987 மார்ச்சில் அதைச் சமர்ப்பித்துவிட்டு, தேர்வெழுதி, கிண்டி கிங் இன்ஸ்டிடியூட்டில் வேலைக்குச் சேர்ந்துவிட்டார் நிர்மலா.

வகுப்பில் இதைச் சொல்லும்போதெல்லாம் கடைசி பெஞ்சு வரை நிமிர்ந்து உட்காரும். அப்புறம் அதே பிள்ளைகள் என் அறைக்கு வந்து ஈசியான டாபிக் கேட்பார்கள்.

இப்போது நடப்பதைச் சொல்கிறேன். ஆய்வுகளுக்கு ஒப்புதல் தரும் எங்கள் கல்லூரி எத்திக்ஸ் கமிட்டிக்கு வரும் தீசிஸ் திட்டங்களை நானும் படிக்கிறேன். அவற்றில் பெரும்பாலானவற்றில் மாதிரி எண்ணிக்கை 100. ஏன் 100? எத்தனை பேரைப் பார்க்க வேண்டும் என்று கணக்கிட, நான்கு பி க்யூ, கீழே பிழையின் வர்க்கம் என்று ஒரு சூத்திரம் எங்களில் எல்லோருக்கும் தெரியும். பி என்பது நூற்றில் நோயின் விகிதம், க்யூ என்பது நூற்றில் மீதி. நோயின் விகிதம் எவ்வளவு என்று தேடிப் பார்க்க நேரம் இல்லாவிட்டால் பி-ஐ 50 என்று வைத்துக்கொள்வார்கள். பிழையை 10 என்று வைத்துக்கொள்வார்கள். நான்கு பெருக்கல் 50 பெருக்கல் 50, அதை 10-இன் வர்க்கமான 100-ஆல் வகுத்தால் சரியாக 100 வந்துவிடும். கணக்கில் தப்பே இல்லை. ஆனால் அந்த 100-க்கும் கேட்கும் கேள்விக்கும் சம்பந்தம் இருக்காது. அரிதாக வரும் ஒரு பூஞ்சைத் தொற்றுக்கும் 100, ஓ.பி.யில் தினம் பார்க்கிற சிறுநீர்த் தொற்றுக்கும் 100. எங்கள் கல்லூரியில் வருடத்துக்கு நூற்றுக்கும் மேல் தீசிஸ் வருகிறது. புள்ளியியலாளர் ஒரே ஒருவர், சமூக மருத்துவத் துறையில். அவர் அறை வாசலில் டோக்கன் போடாத குறை. பல பிள்ளைகள் அவரைப் பார்ப்பதே தரவு முழுக்கச் சேர்த்து முடித்த பிறகுதான். வீடு கட்டி முடித்துவிட்டு எஞ்சினியரைக் கூப்பிடுவது மாதிரி.

நீங்கள் எதுவும் செய்யவில்லை என்று நான் சொல்லவில்லை. ஆராய்ச்சி முறைகளுக்கான இணைய வழிப் படிப்பைக் கட்டாயமாக்கியது நல்ல காரியம். அதை நடத்துவது நம் அயப்பாக்கத்தில் இருக்கும் தேசிய நோய்ப்பரவியல் நிறுவனம். பாடங்கள் தெளிவாக இருக்கும், நானே உட்கார்ந்து முழுவதும் பார்த்திருக்கிறேன். எங்கள் இடத்தில் நடப்பது என்னவென்றால், தலைப்பு கமிட்டியில் ஒப்புதல் ஆகி மாதிரி சேர்க்க ஆரம்பித்த பிறகு பிள்ளைகள் அந்தப் பாடத்தைப் பார்க்கிறார்கள். கேள்வியை எப்படிக் கேட்பது என்ற பாடம், கேள்வி கேட்டு முடித்த பிறகு வருகிறது. பாடத்தை முடித்த சான்றிதழ் இல்லாமல் தலைப்பைப் பதிவு செய்யக் கூடாது என்று ஒரு வரி சேர்த்தால் போதும். செலவே இல்லை.

இனி, என் மாணவி ஒருத்தியைப் பற்றிச் சொல்ல வேண்டும். பெயர் வேண்டாம். இப்போது ஒரு மாவட்டத்தில் வேலை பார்க்கிறாள்.

கொலிஸ்டின் என்ற மருந்து, ஐ.சி.யூ.வில் வேறு எதுவும் வேலை செய்யாதபோது கடைசியாக எடுக்கும் ஆயுதம். அது ஒரு கிருமிக்கு எதிராக வேலை செய்யுமா என்று சொல்வது சுலபமில்லை. மற்ற மருந்துகளுக்கு, கிருமி வளர்க்கும் அகார் தட்டில் மருந்து ஏற்றிய ஒரு வட்ட டிஸ்க்கை வைத்து, மறுநாள் அதைச் சுற்றிக் கிருமி வளராத வளையத்தை ஸ்கேலால் அளந்துவிடலாம். கொலிஸ்டின் அகாரில் சரியாகப் பரவாது, அந்த அளவை நம்ப முடியாது. 96 குழி கொண்ட தட்டில் மருந்தைப் பாதிப் பாதியாகக் குறைத்து ஊற்றிப் பார்ப்பதுதான் சரியான முறை. பெரிய ஆய்வகத்துக்கு அது சரி. தாலுகா மருத்துவமனையில் யார் அதைச் செய்வது? அதற்கு எளிமையான ஒரு வழி உண்டு. நான்கு குழாய், ஒவ்வொன்றிலும் 10 மில்லி திரவ ஊடகம். முதல் குழாயில் டிஸ்க் எதுவும் இல்லை. மற்ற மூன்றில் 10 மைக்ரோகிராம் கொலிஸ்டின் டிஸ்க் ஒன்று, இரண்டு, நான்கு என்று போட வேண்டும். அரை மணி நேரத்தில் மருந்து கரைந்து இறங்கிவிடும். அப்புறம் கிருமியைச் சேர்த்து ராத்திரி முழுக்க இன்குபேட்டரில் வைத்தால், காலையில் எந்தக் குழாய் கிருமி வளர்ந்து கலங்கியிருக்கிறது என்று கண்ணாலேயே பார்த்துச் சொல்லிவிடலாம். நம் வார்டில் வரும் கிருமிகளுக்கு இந்த நான்கு குழாய், அந்த 96 குழித் தட்டு சொல்வதையே சொல்கிறதா? இதுதான் அவள் கேள்வி. சின்னக் கேள்விதான், ஆனால் பதில் தெரிந்தால் நாளைக்கே பயன்படும்.

ஒருநாள் காலை ஏழு மணிக்கு நான் துறைக்குப் போனபோது அவள் பாதுகாப்புப் பெட்டிக்கு முன்னால் அசையாமல் உட்கார்ந்திருந்தாள். முந்தின நாள் காலையில் தொடங்கிய டியூட்டி, ராத்திரி அவசர ஆய்வகமும் அவளுடையதுதான். நடுவில் கிடைத்த நேரத்தில் தட்டைப் போட்டிருக்கிறாள். "மேடம், நாலாவது வரிசையில ஒரு குழியில மருந்து ஊத்தினேனா இல்லையான்னு சந்தேகமா இருக்கு. அந்த நேரத்துல கண்ணு சொக்கிடுச்சு." எல்லாக் குழியும் ஒரே மாதிரி தெளிந்த திரவம்தான். வெளியிலிருந்து பார்த்தால் யாருக்கும் தெரியாது. எழுதிவிட்டுப் போயிருந்தாலும் யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். அவள் அந்தத் தட்டைக் கிருமி நீக்கி அப்புறப்படுத்த ஆட்டோகிளேவுக்கு அனுப்பிவிட்டு, முகம் கழுவிக்கொண்டு வந்து, முதலிலிருந்து இன்னொரு தட்டைப் போட்டாள். அது வளர இன்னும் பதினாறு மணி நேரம். நான் பக்கத்தில் நின்று பைப்பெட் டிப்களை எடுத்துக் கொடுத்தேன், வேறென்ன செய்ய முடியும்.

அந்த நேர்மையை எந்த விதியும் உண்டாக்க முடியாது. ஆனால் முப்பது மணி நேரம் விழித்திருக்கும் ஒருவரிடம் அதை நாம் தினமும் எதிர்பார்க்கிறோம், அதுதான் என்னை வருத்துகிறது. 1992-இல் பயிற்சி மருத்துவர்களின் பணிக்காக மத்திய அரசு வகுத்த ரெசிடென்சி திட்டம் வாரத்துக்கு 48 மணி என்றது. 2024-இல் உங்கள் ஆணையமே அமைத்த மனநலப் பணிக்குழு, 74 மணியைத் தாண்டக் கூடாது என்று பரிந்துரைத்தது. முதுநிலை மருத்துவக் கல்விக்கான உங்கள் 2023 விதிமுறைகளில் இருப்பது 'நியாயமான வேலை நேரம்' என்ற சொல் மட்டும். எது நியாயம் என்பதை ரோஸ்டர் போடுகிறவர் முடிவு செய்கிறார். அந்த நியாயத்தில் தீசிஸுக்கு இடமே இல்லை. தூக்கத்திலிருந்து எடுத்துக்கொள், ஞாயிற்றுக்கிழமையிலிருந்து எடுத்துக்கொள் என்பதுதான் எழுதாத சட்டம்.

மூன்று வருடம் என்பது சுமார் 150 வாரம். வாரம் ஒரு அரை நாள் என்றால் மொத்தம் 75 முழு நாள். ஒரு நல்ல கேள்வியைத் தேடிப் படித்து, மாதிரியைத் தானே எடுத்து, தானே பரிசோதித்து, தன் கையால் எழுதி முடிக்க 75 நாள் தாராளம். அந்த நேரம் கிடைக்காத இடத்தில் என்ன முளைக்கிறது என்று உங்களுக்கும் தெரிந்திருக்கும். தலைப்பிலிருந்து பைண்டிங் வரை எல்லாம் செய்து தருகிறோம் என்று வாட்ஸ்அப்பில் விளம்பரம் வருகிறது, கட்டணப் பட்டியலோடு. தரவு இல்லாவிட்டாலும் பரவாயில்லையாம், முடிவு தற்செயலானதல்ல என்று காட்ட, புள்ளியியலில் சொல்லும் பி மதிப்பை 0.05-க்குக் கீழே கொண்டுவந்து தருவார்களாம். என் மாணவன் ஒருவன் அதை எனக்கே அனுப்பி, "மேடம், இப்படியெல்லாம்கூட இருக்கா?" என்று கேட்டான். நாளை ஒரு நோயாளிக்கு எந்த மருந்து கொடுப்பது என்று முடிவு செய்யப் போகிற கை, பொய்யான ஒரு அட்டவணைக்குக் கீழே கையெழுத்துப் போட்டுப் பழகுவதை என்னால் சும்மா பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை.

அந்தப் பெண்ணின் கதைக்கு வருகிறேன். வைவாவில், அதாவது வாய்மொழித் தேர்வில், வெளியிலிருந்து வந்த தேர்வாளர் ஒருவர் அவள் தீசிஸைப் புரட்டிவிட்டு, "இதுல புதுசா என்னம்மா இருக்கு? வெளிநாட்டுல ஏற்கெனவே பண்ணிட்டாங்களே" என்று கேட்டார். அவளுக்கு முகம் விழுந்துவிட்டது. வேறொரு நாட்டில் சரியாக இருந்த ஒரு பரிசோதனை நம் வார்டில், நம் கிருமியில், நாம் வாங்கும் டிஸ்க்கில் சரியாக இருக்கிறதா என்று பார்ப்பதும் ஆராய்ச்சிதான். இரண்டு முறைகளுக்கு வித்தியாசம் எதுவும் இல்லை என்று வந்தால் அதுவும் ஒரு முடிவுதான். மருந்து பலன் தரவில்லை என்று தெரிவதும் முடிவுதான். தேர்வாளர்களுக்கு நீங்கள் அனுப்பும் வழிகாட்டுதலில் இதைத் தெளிவாக எழுதுங்கள். 'புதுமை' என்ற ஒரு சொல்லுக்குப் பயந்து, யாருக்கும் உதவாத, வேறு யாரும் கேட்காத கேள்விகளைப் பிள்ளைகள் தேடிப் போகிறார்கள்.

இன்னொரு விஷயம் மாவட்ட மருத்துவமனைப் பயிற்சி. டி.ஆர்.பி. என்று சொல்லும் அந்த மூன்று மாதத்தை நான் முழு மனதோடு ஆதரிக்கிறேன். ஆனால் அது வருவது மூன்றாவது, நான்காவது, ஐந்தாவது செமஸ்டர்களில் ஒன்றில். தீசிஸ் மாதிரி சேர்ப்பு சூடு பிடிக்கும் நேரமும் அதுதான். என் மாணவிக்கும் அப்படித்தான் ஆனது. அவள் போன மாவட்ட மருத்துவமனையில் கொலிஸ்டின் பரிசோதனையே இல்லை. அவள் தீசிஸ் கேள்வி யாருக்காகக் கேட்கப்பட்டதோ, அந்த இடத்திலேயே மூன்று மாதம் இருந்தாள். அங்கிருந்து ஒரு மாதிரிகூட அவளால் சேர்க்க முடியவில்லை, எத்திக்ஸ் ஒப்புதல் எங்கள் கல்லூரிக்கு மட்டும்தான். சும்மா இருக்கப் பிடிக்காமல், அந்த ஊர் லேப் டெக்னீஷியன் அக்காவுக்கு நான்கு குழாய் முறையைச் சொல்லிக்கொடுத்துவிட்டு வந்தாள்.

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் (ஐ.சி.எம்.ஆர்.) 2017 நெறிமுறை பல இடங்களில் நடக்கும் ஆய்வுக்கு ஒரே கமிட்டியின் பொதுப் பரிசீலனையை ஏற்றுக்கொள்கிறது. அந்த வழியிலேயே, கல்லூரி கமிட்டி கொடுக்கும் ஒப்புதல் அந்த மாணவர் டி.ஆர்.பி. போகும் மருத்துவமனைக்கும் செல்லும்படி செய்யுங்கள். சின்ன ஊரில் பெரிய கேள்வி கிடைக்காது என்று யாரும் நினைக்க வேண்டாம். மகாராஷ்டிரத்தில் ராய்கட் மாவட்டம் மஹாட் பகுதியில் டாக்டர் ஹிம்மத்ராவ் பவஸ்கர் ஆரம்ப சுகாதார நிலையத்தில் வேலை பார்த்தபோது, செந்தேள் கொட்டிய குழந்தைகள் நுரையீரலில் நீர் கோத்து ஒவ்வொன்றாக இறந்துகொண்டிருந்தன. பக்கத்தில் உட்கார்ந்து, நாடியும் ரத்த அழுத்தமும் பார்த்துப் பார்த்துக் குறித்துவைத்தார். பிரசோசின் என்ற சாதாரண ரத்த அழுத்த மாத்திரை அந்த உயிர்களைக் காப்பாற்றும் என்று அவர் எழுதியது 1986-இல் லான்செட் இதழில் வந்தது. நம் மாவட்டங்களில் பாம்புக்கடி இருக்கிறது, எலிக்காய்ச்சல் இருக்கிறது, ஸ்க்ரப் டைபஸ் இருக்கிறது. பிள்ளைகளைக் குறிப்பெடுக்க விடுங்கள்.

முடித்த தீசிஸ்கள் எங்கே போகின்றன என்பதையும் கொஞ்சம் பாருங்கள். எங்கள் தமிழ்நாடு டாக்டர் எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழகம் தன்னிடம் வரும் தீசிஸ்களை இணையக் களஞ்சியத்தில் ஏற்றிவைக்கிறது. நான் அதில் தினம் தேடுகிறேன், என் மாணவர்களும் தேடுகிறார்கள். பிஎச்.டி. ஆய்வேடுகளுக்கு நாடு முழுக்க 'சோத்கங்கா' என்று ஒரே இடம் இருக்கிறது. எம்.டி., எம்.எஸ். தீசிஸுக்கும் அப்படி ஒன்று வேண்டும். ஜெய்ப்பூரில் ஒருவர் மூன்று வருடம் உழைத்துக் கண்டதைத் திருநெல்வேலியில் ஒருவர் படிக்க வழி இருக்க வேண்டும். களஞ்சியத்துக்கு முந்தைய காலத்து தீசிஸ்கள் எங்கள் துறையின் இரும்பு அலமாரியில் இருக்கின்றன. போன வருடம் அதைச் சுத்தம் செய்தபோது, கருநீல ரெக்சின் அட்டையில் பொன் எழுத்து மங்கிப்போன ஒன்று கையில் வந்தது. அறுவை சிகிச்சைக்குப் பின் வரும் காயத் தொற்று பற்றியது. எந்தக் கிருமி, எந்த வார்டு, எந்த மருந்துக்குக் கட்டுப்பட்டது என்று பச்சை மையில் கையால் போட்ட அட்டவணைகள். அன்றைக்கு எளிய மருந்துக்கே அடங்கிய கிருமி இன்று எதற்கும் அடங்குவதில்லை. அதே கேள்வியை அன்றிலிருந்து ஒவ்வொரு பேட்ச்சும் தொடர்ந்து கேட்டிருந்தால், எங்கள் மருத்துவமனையில் கிருமிகளின் மருந்து எதிர்ப்புத் திறன் எந்த வருடம், எந்த வார்டில் தலைதூக்கியது என்று இன்று என்னால் சொல்ல முடிந்திருக்கும். ஒரு கேள்வியை ஒரு துறை பத்து வருடம் கையில் வைத்துக்கொண்டு, பேட்ச் பேட்ச்சாகப் பிள்ளைகளிடம் கொடுத்து நகர்த்துவதை அனுமதியுங்கள். இப்போது 'ஏற்கெனவே செய்த தலைப்பு' என்று திருப்பி அனுப்பிவிடுகிறார்கள்.

இவ்வளவையும் ஒரே நாளில் செய்ய முடியாது என்று எனக்குத் தெரியும். புள்ளியியலாளர் பணியிடத்துக்குப் பணம் வேண்டும், களஞ்சியத்துக்கு ஆள் வேண்டும். அரை நாளுக்கு எதுவும் வேண்டாம், ஒரு சுற்றறிக்கை போதும். மாணவர்கள் தங்கள் வேலைகளைக் குறித்துவைக்கும் லாக் புக்கில் அதற்கு ஒரு பத்தி சேர்த்து, மாதா மாதம் கைடு கையெழுத்துப் போட வேண்டும் என்று சொல்லுங்கள். கல்லூரியைச் சோதிக்க வரும் ஆணையத்தின் குழுவினர் படுக்கை எண்ணிக்கையையும் ஆசிரியர் வருகையையும் பார்ப்பது போல அந்தப் பத்தியையும் பார்க்கட்டும். எங்கள் துறையில் நான் இதைச் சொந்தப் பொறுப்பில் ஆரம்பித்துவிட்டேன். புதன்கிழமை மதியம் இரண்டு மணிக்கு மேல் இரண்டாம் வருட பி.ஜி.க்கள் யாரையும் வேறு வேலைக்கு அழைப்பதில்லை. அந்த நேரத்து டியூட்டியை நாங்கள் ஆசிரியர்களே பார்த்துக்கொள்கிறோம். துறைக்குள் என்பதால் இது முடிகிறது. அறுவை சிகிச்சையிலோ மகப்பேறிலோ படிக்கும் பிள்ளைக்கு, உங்கள் உத்தரவு இல்லாமல் எந்தப் புதன்கிழமையும் கிடைக்கப் போவதில்லை.

அடுத்த பேட்ச் தலைப்பு பதிவு செய்வதற்குள் அந்தச் சுற்றறிக்கையை அனுப்பிவிடுங்கள். உங்கள் குழுவிலிருந்து யாராவது நேரில் வந்து பார்க்க விரும்பினால் ஒரு புதன்கிழமை மதியம் வாருங்கள், பிள்ளைகளோடு உட்கார்ந்து பேசலாம்.

இப்படிக்கு,
அரசு மருத்துவக் கல்லூரி மைக்ரோபயாலஜி பேராசிரியர் ஒருவர்